படையிலிருந்து திரும்பியவரும் நம் ஊரும்

(தூத்துக்குடி மில்லர்புரத்தில், ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மில்லர்புரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி. கிராமத்தைப் பற்றிப் பேச நகரத்தில் கூடுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கக்கூடும். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், திருவைகுண்டம், சாத்தான்குளம் ஆகிய எல்லா வட்டாரத்தாரும் வந்து சேர வசதியான ஊர் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. கூட்டம் முடிந்து திரும்பும்போது இவ்வூரின் ஆலை வாயில்களிலும் கிடங்கு வாயில்களிலும் வங்கி வாயில்களிலும் சீருடை அணிந்து நிற்பவர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். நிமிர்ந்த முதுகும், வணக்கம் சொல்லும்போது மேலெழும் கையும் அவர்களுள் சிலரை இன்னார் என்று காட்டிக் கொடுத்துவிடும். அவர்கள் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். பெரும்பாலும் உங்கள் ஊர்களைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கே தமக்கு இடமில்லை என்று கண்டு, இங்கே வந்து வாயில் காப்பவர்கள் அவர்களுள் எத்தனை பேர் என்று நான் கணக்கெடுத்ததில்லை. ஆயினும், நான் பேசிப் பார்த்தவர்களுள் பலர் இந்த ஒரு குறையைத்தான் சொன்னார்கள். ஊதியக் குறைவையோ ஓய்வூதியக் குறைவையோ அவர்கள் முதலில் சொல்லவில்லை. ஊரில் பொழுது போகவில்லை என்றார்கள். வீட்டில் ஒட்டவில்லை என்றார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் முப்படைகளிலிருந்து ஓய்வு பெற்று வீடு திரும்புகின்றனர். சிப்பாய் நிலையில் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணி முடித்தால் ஓய்வூதியத்துக்கு உரியவர் ஆகிறார். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த இளைஞர் நாற்பதை ஒட்டிய வயதிலேயே திரும்பிவிடுகிறார். பள்ளி ஆசிரியரும் அலுவலக எழுத்தரும் தலை நரைத்தபின் ஓய்வு பெறுகின்றனர். படைவீரரோ பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே, தாய் தந்தையர் மூப்பெய்தும்போதே, கையும் காலும் வலுவாக இருக்கும்போதே ஓய்வு பெறுகிறார். அவருக்கு முன்னே இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆண்டுகளை அவர் எங்கே, எப்படிக் கழிக்கப் போகிறார் என்பது அவருடைய கவலை மட்டுமன்று.

போரில் இறந்தவர்களை நம் முன்னோர் மறந்துவிடவில்லை. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்கு ஊரார் நடுகல் நட்டனர். அவன் குடும்பத்தார் வாழ்வதற்கென நிலம் விட்டனர். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். சிந்திய உதிரத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்பது பொருள். கல்வெட்டுகளில் இச்சொல்லைக் காணலாம். இறந்தவனுக்குக் கல்லும், அவன் மனைவி மக்களுக்கு நிலமும் கொடுப்பது ஊரின் கடமை என்று அன்று கருதினர். ஆனால் உயிரோடு திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தனர் என்பதைப் பற்றிக் கல்வெட்டுகள் அதிகம் பேசுவதில்லை. திரும்பி வந்தவன் ஏர் பிடித்திருப்பான், மாடு மேய்த்திருப்பான் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அக்காலத்துப் போர் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நடந்த போர். போனவன் சில நாள்களில் திரும்பினான். பதினேழு ஆண்டுகள் பனிமலையிலும் பாலையிலும் கிடந்து திரும்புகிறவனின் நிலை வேறு.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 இலட்சம் பேர் கடல் கடந்து சென்றனர். 74,000 பேர் வரை திரும்பவில்லை. இத்தனை பேர் ஊரில் இத்தனை பேர் போருக்குச் சென்றனர் என்று வெட்டிய சலவைக்கல் பலகைகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் இன்றும் சுவரில் பதிந்திருக்கின்றன. அந்தப் போரின்போதுதான் திரும்பியவர்களைக் கவனிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கு எழுந்தது. 1919-இல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் என்று அமைந்தது, 1951-இல் கடற்படையினரையும் விமானப்படையினரையும் சேர்த்துக்கொண்டது, 1975-இல் மத்திய சைனிக் வாரியம் என்ற பெயரைப் பெற்றது. நம் மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறையும், மாவட்டந்தோறும் அதன் அலுவலகமும் உள்ளன. இரண்டாம் உலகப்போருக்கு 25 இலட்சம் பேர் தாமே முன்வந்து சேர்ந்தனர். போர் முடிந்ததும் அவர்கள் அலையலையாகத் திரும்பியபோது, சென்னை மாகாணத்தில் அவர்களுக்கென்று நிலக் குடியேற்றக் கூட்டுறவுச் சங்கங்களும் மோட்டார்ப் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. சக்கரத்தைப் பிடிக்கக் கற்றவருக்கு லாரி, மண்ணைக் கிளறத் தெரிந்தவருக்கு நிலம் என்பது அன்றைய திட்டம். அதில் எனக்குப் பிடித்தது, தனித்தனியாகக் கொடுக்காமல் சங்கமாகச் சேர்த்துக் கொடுத்தார்களே, அதுதான். பாசறையில் கூடி வாழ்ந்தவர் கூடியே தொழில் செய்யலாம் என்று எவரோ சிந்தித்திருக்கிறார்.

பின்னர் வந்த திட்டங்களை உங்களுள் பலர் அறிவீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தேடித் தரும் 'டெக்ஸ்கோ' என்னும் கழகத்தைத் தமிழக அரசு 1986-இல் நிறுவியது. நான் முன்னே சொன்ன வாயில் காப்போருள் பலர் அதன் வழியே வந்தவர்கள். 2003 ஏப்ரல் 1 முதல் ஓய்வூதியம் பெறும் வீரர்க்கும் குடும்பத்தார்க்கும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. 2024-ஆம் ஆண்டு விடுதலை நாளன்று அறிவிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும், 3 விழுக்காடு வட்டி மானியமும் என்று வகுத்தது. இவையெல்லாம் தேவையானவை. எனினும், மனிதன் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது அந்நியனைப் போல உணர்ந்தால் அதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.

அந்தத் திண்ணையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ விடுப்பில் வந்தவர் அவர். வரும்போதெல்லாம் வீடு விருந்துக் கோலம் பூண்டது. கோழி அடித்தார்கள். பிள்ளைகள் சொன்னபடி கேட்டனர். ஊரில் எதிர்ப்பட்டவரெல்லாம், "வாங்க அண்ணாச்சி, எத்தனை நாள் லீவு?" என்று கேட்டனர். இப்போது லீவு முடியவே இல்லை. முதல் மாதம் மாலையும் மரியாதையும் நடக்கின்றன. இரண்டாம் மாதம் கைமாற்றுக் கேட்டு உறவினர் வருகின்றனர். மூன்றாம் மாதம், "இனி என்ன செய்யப் போறீக?" என்ற கேள்வி தொடங்குகிறது. தேநீர்க் கடையில் கேட்கின்றனர், களத்துமேட்டில் கேட்கின்றனர், மனைவியின் உடன்பிறந்தார் கேட்கின்றனர். பத்துப் பேரை நடத்திச் சென்ற ஹவில்தார் அவர். அவருடைய ஒரு சொல்லுக்குப் பத்துப் பேர் எழுந்து நின்றனர். இங்கே அவர் சொல்லுக்கு நாய்கூட எழுவதில்லை.

வீட்டுக்குள்ளே நடப்பது இதைவிட நுட்பமானது. அவர் இல்லாத பதினேழு ஆண்டுகளும் அந்த வீட்டை நடத்தியவர் அவருடைய மனைவி. கரிசல் காட்டில் எந்தப் புஞ்சையில் பருத்தி, எதில் உளுந்து என்று முடிவு செய்தவர் அவர். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அவர். வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, பள்ளிக் கட்டணம், சுய உதவிக் குழுத் தவணை எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம், வந்த வாரத்திலேயே கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வா என்று கேட்கிறார் கணவர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி வரிசையாக நிறுத்துகிறார். குவளை இருந்த இடத்தில் இல்லை என்று சினக்கிறார். அவர் கொடியவர் அல்லர். பாசறையில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் இரவில் விளக்கில்லாமல் கை நீட்டி எடுக்க முடியும். அந்தப் பழக்கம் உயிர் காத்த பழக்கம். வீட்டில் அதுவே கடுமையாகத் தோன்றுகிறது.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்துத் தாய் என்னிடம் சொன்னார்: "அவுக பட்டாளத்துல இருந்தப்ப நான் பயந்தேன், அவுகளுக்கு என்ன ஆகுமோன்னு. இப்ப வீட்டுல இருக்காக. இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன், எப்ப என்ன சொல்வாகளோன்னு." அவர் கணவரோ என்னிடம் வேறொன்று சொன்னார்: "நான் இல்லாமலே இந்த வீடு நல்லா நடந்திருக்கு. அப்ப நான் எதுக்கு?" இரண்டும் ஒரே வீட்டின் குரல்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதில்லை. இருவரையும் எதிரெதிரே அமர்த்தி இதைப் பேச வைப்பதற்கு அந்த ஊரில் ஒருவரும் இல்லை. பேசியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும் என்பது என் துணிபு. இவ்வாறு பேச வைத்து, கேட்டு, வழி காண உதவுவதைத்தான் இன்று ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். அதற்குப் பெரிய படிப்பு எப்போதும் தேவைப்படுவதில்லை. காதும் பொறுமையும், கேட்டதை வெளியே சொல்லாத வாயும் முதலில் தேவை. மூன்றாவதுதான் நம் ஊர்களில் அரிது.

இனி, மனத்தைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். படையிலிருந்து திரும்புவோருள் மிகப் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமே நிலைகொள்கின்றனர். படைவீரர் என்றாலே மனம் கெட்டவர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. ஆனால் ஒரு சிலருக்கு உள்ளே ஒரு காயம் ஆறாமல் இருந்துவிடுகிறது. முதல் உலகப்போரில், குண்டு உடம்பில் படாமலே நடுங்கியும் வாய் பேசாமலும் உறக்கமின்றியும் கிடந்த வீரர்களைக் கண்டு மருத்துவர் திகைத்தனர். வெடியதிர்ச்சி நோய் என்ற பொருளில் 1915-இல் அதற்கு ஒரு பெயர் சூட்டினர். கோழைத்தனம் என்று தண்டித்தவர்களும் உண்டு. 1980-இல்தான் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது முறையாக இடம் பெற்றது.

அறிகுறிகளை அறிந்துகொள்வது கடினமன்று. கோயில் கொடையில் வேட்டுப் போட்டவுடன் அவர் முகம் வெளிறிப் போகும், அல்லது அன்று முழுதும் ஊரைவிட்டு வெளியே போய்விடுவார். கூட்டத்தில் எப்போதும் சுவரில் முதுகு படும்படி, வாயிலைப் பார்த்தபடிதான் உட்காருவார். இரவில் அலறி எழுவார். உடன் இருந்து இறந்த தோழனைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போவார். சிறு செய்திக்குப் பெருஞ்சினம் கொள்வார். பிறகு நாள் முழுதும் பேசமாட்டார். இவற்றுள் ஒன்றிரண்டு எவர்க்கும் சில நாள் இருக்கலாம். மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் தமிழிலேயே ஆலோசனை சொல்கின்றனர். 'டெலி மானஸ்' எனப்படும் அந்தப் பணி 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. தன் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் அதை வாய்ப்பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே அவருடன் ஒருவர் இருக்க வேண்டும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கடற்கரையிலிருந்து வந்திருப்போர்க்கு ஒன்று சொன்னால் உடனே விளங்கும். சங்கு குளிக்கச் செல்கிறவர் குழாய் வழியே காற்றைப் பெற்றுக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்தபின் விரைந்து மேலே வரலாகாது. மெல்ல மெல்ல, நின்று நின்று வர வேண்டும். விரைந்து வந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகி மூட்டுகளை முறுக்கும், சிலருக்குக் கால்களே விளங்காமற் போகும். ஆழத்தில் அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஏறி வந்த விரைவுதான் தீங்கு. படைவாழ்வும் அத்தகைய ஓர் ஆழம். மாலை வேளையில் ரயிலேறி மூன்றாம் நாள் காலையில் கோவில்பட்டியில் இறங்குகிறவரிடம், நாலாம் நாளே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அக்காலத்து முத்துக் குளிப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. ஆயினும் முதியோர் அதைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கயிறு அசைந்தால் உடனே இழுத்துத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பார்கள். தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கண் அயரமாட்டான் அல்லவா? திரும்பி வந்த ஒவ்வொரு வீரருக்கும் ஊரில் அப்படிக் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும் என்பதே நான் உங்களிடம் கேட்க வந்தது.

அவர் யார்? பெரும்பாலும் முன்னரே ஓய்வு பெற்று ஊரில் நிலைகொண்ட மற்றொரு படைவீரராக இருப்பது நன்று. அமெரிக்காவில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் மருத்துவமனைப் படி ஏற மறுத்தனர். நோயாளி என்ற பெயரை அவர்கள் விரும்பவில்லை. ஆகவே 1979-இல் அந்நாட்டு அரசு, மருத்துவமனைக்கு வெளியே, கடைத்தெருக்களில், சாதாரணக் கட்டடங்களில் சிறு நிலையங்களைத் திறந்தது. அங்கே பேசுவதற்கு அமர்ந்தவர்களுள் பலர் தாமும் போருக்குச் சென்று திரும்பியவர்கள். குடும்பத்தாரும் வந்து பேசலாம். இன்று அத்தகைய நிலையங்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 300 உள்ளன. அவர்கள் செல்வம் மிக்கவர்கள், கட்டடம் கட்டினர். நமக்குக் கட்டடம் வேண்டியதில்லை. நூலகத் திண்ணை போதும், ஆலமரத்தடி போதும், ஊராட்சி அலுவலகத்தின் பின்புற அறை போதும். மாதம் ஒரு நாள் மாலையில் ஊரிலுள்ள முன்னாள் வீரர் எல்லோரும் அங்கே வந்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். நிகழ்ச்சி நிரல் வேண்டாம். தலைமையுரை வேண்டவே வேண்டாம். தாய்மார்களுக்கும் அவ்வாறே ஒரு நாள், தனியாக, மகளிர் குழுவின் வழியே அமையட்டும். ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர்கள் அடுத்தடுத்த ஊர்களில் இருந்துகொண்டு பத்தாண்டுகளாக ஒருவரை ஒருவர் அறியாதிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இதைத் தொடங்க ஊராட்சி முதலில் செய்ய வேண்டுவது ஒரு பதிவேடு. நம் ஊரில் படையில் இருப்போர் யார், திரும்பியோர் யார், அவர் மறைந்தபின் வாழும் மனைவியர் யார், இன்னின்னார் என்ன தொழில் கற்றவர் என்பது அதில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருவைகுண்டத்தில் ரயிலில் சிக்கியவர்களுக்கு உணவு சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. அத்தகைய நாளில், வெள்ளத்தில் கயிறு கட்டத் தெரிந்தவர், கம்பியில்லாக் கருவியை இயக்கத் தெரிந்தவர், காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அரசு பல ஆண்டுகள் செலவிட்டுப் பயிற்றிய கைகள் அவை. கண்மாய்க் கரையைக் காப்பதிலும், நீர்ப் பாசன விவசாயிகள் சங்கத்திலும், பள்ளி மைதானத்தில் இளைஞர்களைப் பயிற்றுவதிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். குடியரசு நாளில் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் மறந்துவிடுவதால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நாற்காலி அன்று, வேலை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்போது பணிக்கொடை, சேமநிதி, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்னதாக விற்றுப் பெறும் தொகை என்று ஒரு பெருந்தொகை ஒரே சமயத்தில் கைக்கு வருகிறது. அதன் வாசனை ஊருக்கு எட்டச் சில நாளே போதும். நிலத் தரகர் வருகிறார், சீட்டுக் கம்பெனிக்காரர் வருகிறார், ஒன்றுவிட்ட மைத்துனர் கூட்டுத் தொழில் பேசுகிறார். முதல் ஆறு மாதம் அந்தத் தொகையை அஞ்சலகத்திலோ வங்கியிலோ அசையாமல் வைத்திருங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். விற்ற பகுதிக்காக மாத ஓய்வூதியத்தில் பிடித்தம் நடக்கும் என்பதும், 15 ஆண்டுகளுக்குப் பின்னரே முழுத் தொகை மீளும் என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. முதல் மாத ஓய்வூதியத்தைப் பார்த்துவிட்டு, மீதிப் பணம் எங்கே போயிற்று என்று மனைவி ஐயுற்ற வீடுகளும் உண்டு.

படையினர் கடையில் மலிவாகக் கிடைக்கும் மதுவைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். முன்னாள் வீரர் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்றால் அவரைப் பலர் தேடி வருவது அந்தப் புட்டிக்காகவே. தேடி வந்தவர் துணைக்கு உட்காருகின்றனர். உறக்கம் வராதவருக்கு அதுவே மருந்தாகிவிடுகிறது. பிறகு அது இல்லாமல் பொழுது சாய்வதில்லை. வீரருக்கு அறிவுரை சொல்வதற்கு முன், அவரிடம் புட்டி கேட்டுப் போகிற பழக்கத்தை ஊரார் விட்டால் போதும்.

ஆவணங்கள் இருக்கின்றனவே, அவை தனிப் புராணம். படைப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஓர் எழுத்தும் ஆதாரில் வேறோர் எழுத்துமாக இருக்கும். திருமணம் பதிவு செய்யப்படாமலே இருக்கும். கணவர் உயிரோடு இருக்கும்வரை அது எவர் கண்ணுக்கும் படாது. அவர் மறைந்த மறுமாதம் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும்போதுதான் தெரியவரும். பொதுவான குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. வயது முதிர்ந்த கைம்பெண்ணுக்கு அதுவே சோறு. அந்தச் சோறு ஓர் எழுத்துப் பிழையால் ஓராண்டு தடைப்படலாமா? கணவர் உயிருடன் இருக்கும்போதே படைவிலகல் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்து, பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் செய்யுங்கள். ஒத்திராவிட்டால் மாவட்ட நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்போது ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறையில் வழங்கப்படுவதால், ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று பதிய வேண்டும். முதியவர்களைப் பொதுச் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று கைரேகை வைக்கச் செய்வது ஊர் இளைஞர்களுக்கு அரைநாள் வேலை. ஓய்வூதியம் பெறும் அளவுக்குப் பணியாற்றாமல் வந்த முதியவர்க்கும் அவர் கைம்பெண்ணுக்கும் 65 வயதுக்கு மேல் வறுமை உதவி உண்டு. அதற்கு மாவட்ட அலுவலகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும்.

போரிலும் பணியிலும் மாண்டவர்களின் வீடுகளுக்கு முதல் பத்து நாள் அமைச்சரும் அதிகாரியும் வருகின்றனர். ஊரே கூடுகிறது. பதினோராம் நாளுக்குப் பின் அந்த இளம்பெண் தனியே இருக்கிறாள். உதவித்தொகை வந்ததும் மாமனார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் இடையே அவள் இழுபடுகிறாள். இந்த வழக்கைத் தீர்க்க அமரும் பெரியவர்கள் அவளுடைய விருப்பத்தை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். அவளைத் தனியே கேட்க வேண்டும். கேட்பவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். மறுமணம் பற்றி அவள் பேச விரும்பினால் அதைக் குற்றமாகப் பார்க்கலாகாது. மத்தியக் காவற்படையினரின் குடும்பங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மாண்ட நாற்பது பேருள் ஒருவர் நம் மாவட்டத்தவர். அத்தகையோர் சட்டப்படி முன்னாள் படைவீரர் என்ற சொல்லுக்குள் வருவதில்லை. அந்தச் சொல் அரசுக் கோப்புக்கு உரியது. ஊராட்சிப் பதிவேட்டில் அந்த வேறுபாடு எதற்கு?

இன்னொரு கூட்டத்தாரையும் நினைவிற்கொள்ள வேண்டும். 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி சேர்ந்த இளைஞர்களுள் 25 விழுக்காட்டினர் வரையே நிலைப்பணியில் தொடர்வர். மற்றவர் நான்காண்டில் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயுடன் திரும்புவர். அறிவிப்பின்படி அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினருக்கு 2026 இறுதியும் 2027 தொடக்கமும் அந்தக் கெடு. விடியுமுன் எட்டயபுரம் சாலையில் ஓடிப் பழகித் தேர்வானவன், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அதே சாலையில் நடந்து வரும்போது, "என்ன, திருப்பி அனுப்பிட்டாகளா?" என்று ஒரு சொல் அவன் காதில் விழலாம். அந்தச் சொல்லை எவரும் சொல்லாதபடி செய்வதற்கு ஒரு காசும் செலவில்லை. அவனைப் பட்டயப் படிப்பிலோ, தொழிற்பயிற்சி நிலையத்திலோ, காவல்துறைத் தேர்வுக்கோ ஆயத்தம் செய்வது அடுத்த வேலை. கையிலிருக்கும் பணத்தில் மோட்டார் வண்டி வாங்குவதற்குள் யாராவது அவனிடம் பேசிவிட வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்திலேயே பதிவேட்டைத் தொடங்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். டிசம்பர் 7 கொடிநாள் வசூலுக்கு ஊராட்சிக்கு வரும் அலுவலரிடம், அன்றே ஊரிலுள்ள முன்னாள் வீரர் வீடுகள் எல்லாவற்றுக்கும் வந்து போகும்படி கேட்டுக்கொள்ளலாம். 1949 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறோம். உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடியைக் குத்திக்கொள்வதோடு இதுவரை நம் பங்கு முடிந்துவிட்டது.

படிவங்களின் மாதிரிகளும், மாவட்ட நல அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய தாள்களின் விவரமும் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஊருக்கு ஒரு கட்டு எடுத்துச் செல்லுங்கள். இனி உங்கள் ஐயங்களைக் கேட்கலாம். வழக்கமாக முன்வரிசையிலிருந்து தொடங்குவோம். இன்று பின்னே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.